மழையில்லாமல் வரும் வெள்ளம்: பரிசலில் இருக்க வேண்டிய பொருள்கள்

தொட்டியம் வட்டத்தில் காவிரியை நம்பித் தொழில் செய்யும் பரிசல் உடைமையாளர்கள், பரிசல் ஓட்டிகள், உள்நாட்டு மீனவர்கள் அனைவருக்கும்.

பரிசலுக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆறு. தொட்டியம் வட்டத்தில் காவிரிக்கு இரண்டு குணங்கள் உண்டு. மாயனூருக்கும் சீலைப்பிள்ளையார்புத்தூருக்கும் நடுவே 98 மதகுகளோடு நிற்கும் கதவணைக்கு மேற்கே நீர் தேங்கி, ஆழமாகவும் அசைவில்லாமலும் கிடக்கிறது. கிழக்கே, தொட்டியத்தைக் கடந்து முசிறி வரைக்கும், அகண்ட காவிரி என்று பெயர்பெற்ற பரந்த மணற்படுகையில், கதவுகள் எவ்வளவு தூக்கப்படுகின்றனவோ அவ்வளவுக்கு ஓடுகிறது. காலையில் முழங்கால் அளவு இருந்த துறையில் மாலையில் கழி எட்டாத ஆழம் இருக்கலாம். அன்று தொட்டியத்தில் ஒரு துளி மழைகூடப் பெய்திருக்காது.

பழைய பரிசல்காரர்களின் அறிவு மேகத்தையும் காற்றையும் நுரையின் நிறத்தையும் பார்த்து வளர்ந்தது. அந்த அறிவு இன்றும் பயன்படுகிறது, ஆனால் போதவில்லை. 1934 இல் மேட்டூர் அணை வந்த பிறகு, தொட்டியத்துக்கு வரும் தண்ணீரின் அளவைப் பெரும்பாலும் அதன் மதகுகளே தீர்மானிக்கின்றன. இப்போது மாயனூரிலும் கதவு இருக்கிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்த நாட்களை இந்தக் கரை மறந்திருக்காது. அதே மாதம் 22ஆம் தேதி இரவு, 1836 இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். 2 லட்சம் கன அடி என்றால் ஒரு விநாடியில் 56 லட்சம் லிட்டருக்கு மேல். அந்த அளவில் எந்தப் பொருளும் பரிசலைக் காக்காது. கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைப்பது ஒன்றே வழி. கீழே வரும் பொருள்கள் அதற்குக் குறைந்த நாட்களுக்கானவை. விபத்துகளும் பெரும்பாலும் அந்தச் சாதாரண நாட்களில்தான் நடக்கின்றன.

முதலில் பரிசலே. மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வெளிப்புறம் தோல் போர்த்திய வட்டக் கலம் தென்னாட்டு ஆறுகளில் மிகப் பழையது. 1520ஐ ஒட்டி விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடைபோல் பின்னித் தோல் போர்த்திய கலங்களில் 15, 20 பேர் கடந்ததையும், குதிரைகளும் மாடுகளும்கூட அவற்றில் ஏற்றப்பட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1933 இல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். ஈராக்கின் வட்டப் படகுகளுக்கு நிலக்கீல் பூசினார்கள். வியட்நாமில் சாணமும் மரப்பிசினும் பூசுகிறார்கள். காவிரியில் தோல் போய், உரச்சாக்கும் ரெக்சினும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் வந்து, மேலே தார் பூசப்படுகிறது. இப்போது கண்ணாடி இழையில் வார்த்த பைபர் பரிசலும் பரவியிருக்கிறது.

இரண்டில் எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மூங்கில் பரிசல் இலேசானது. தனி ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம், மணல் திட்டில் மோதினால் வளைந்து கொடுக்கும், கிழிந்த இடத்தைக் கரையிலேயே தைத்துத் தார் பூசிவிடலாம். பைபர் பரிசல் பல ஆண்டு உழைக்கும். ஆனால் பாறையிலும் பாலத்தூணிலும் மோதினால் வளையாமல் விரியும், விரிசல் உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. கதவணைக்கு மேற்கே தேங்கிய நீரில் ஆள் ஏற்றுவதற்குப் பைபரும், கிழக்கே மணலும் திட்டும் மாறி மாறி வரும் படுகையில் மீன்பிடிப்புக்கு மூங்கிலும் பொருந்தும்.

மூங்கில் வாங்கும்போது ஏணிக்கும் கழிக்கும் எடுக்கும் கல்மூங்கிலையே கேட்டு வாங்க வேண்டும். முற்றிய மூங்கிலை வெட்டியவுடன் இரண்டு மூன்று வாரம் ஓடும் நீரில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் மாச்சத்து கரைந்து போகும். வண்டு துளைத்து மாவாக உதிர்ப்பது அந்த மாச்சத்துக்காகத்தான். இந்த வேலைக்குச் செலவு எதுவும் இல்லை; அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

தார் பூசுவதில் ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் தாரில் சிறிது தண்ணீர் விழுந்தாலும் அது ஆவியாகிப் பொங்கி, பாத்திரத்தை விட்டு வெளியே வரும். தாரில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூடியால் மூடவோ மணலைக் கொட்டவோ வேண்டும். ஆற்றங்கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவசரத்தில் கை முதலில் போவது குடத்துக்குத்தான். பைபர் பழுதுபார்ப்பில் ஆபத்து வேறு வகையானது. பிசினோடு தனித்தனியாகக் கலக்க வேண்டிய இரண்டு திரவங்கள், கடைக்காரர் சொல்லும் ஹார்டனரும் கோபால்ட்டும், ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர் சேர்க்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. சித்திரை வெயிலில் பிசின் மிக விரைவில் இறுகும் என்பதால் சிறிது சிறிதாகக் கலந்துகொள்வது நல்லது.

பரிசலுக்கு வாங்க வேண்டிய பொருள்களில் மிக மலிவானது ஒரு சிறு டப்பா வெள்ளைப் பெயின்ட். அதைக் கொண்டு வெளிப்புறத்தில் ஒரு சுமைக்கோடு போட வேண்டும். அதன் கணக்கை விரித்துச் சொல்வது அவசியம். அடிப்பாகத்தின் விட்டம் 2 மீட்டர் உள்ள தட்டையான பரிசல், ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழும்போதும் ஏறக்குறைய 31 கிலோ எடையைத் தாங்குகிறது. பரிசலின் சொந்த எடை 60 கிலோ, ஓட்டியையும் சேர்த்து ஏறியவர்கள் ஆறு பேர், ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் மொத்தம் 450 கிலோ. பரிசல் 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அமிழும். பக்கச்சுவர் 60 சென்டிமீட்டர் என்றால் 45 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். பத்துப் பேர் ஏறினாலும் 23 சென்டிமீட்டர்தான் அமிழும். 37 சென்டிமீட்டர் மிச்சம். பார்ப்பவருக்கு இன்னும் நாலு பேர் ஏறலாம் என்றே தோன்றும். ஆபத்து இந்தத் தோற்றத்தில் இருக்கிறது.

பரிசல் கனத்தால் மூழ்குவது அரிது; சாய்ந்து நீர் புகுந்துதான் மூழ்குகிறது. பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருக்கும் அதே பரிசலில், மூன்று பேர் போட்டோ எடுக்கவோ நீரில் கை நனைக்கவோ ஒரு பக்கம் நகர்ந்தால், அந்தப் பக்கத்து விளிம்பு ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். மிஞ்சுவது அரைச் சாணுக்கும் குறைவு. பத்துப் பேரும் எழுந்து நின்றால் நிலைமை இன்னும் மோசம். எடை உயரே போகப்போக, பரிசலின் நிமிர்ந்து நிற்கும் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆறு பேரோடு இருக்கும்போது அதே மூவர் நகர்ந்தாலும் விளிம்பு நீருக்கு அருகே வராது. ஆகவே 2 மீட்டர் பரிசலுக்கு 15 சென்டிமீட்டர் உயரத்தில் கோடு போட்டு, கோடு நீருக்குள் போனால் துறையை விட்டுக் கிளம்புவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பரிசலுக்கும் முறை இதுதான்: விட்டத்தை அளந்து, ஆட்களை உட்கார வைத்து, ஆழமில்லாத இடத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துக் கோட்டை முடிவு செய்ய வேண்டும்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இரண்டும் புயலிலோ வெள்ளத்திலோ நடந்தவை அல்ல. விடுமுறை நாளின் உல்லாசப் பயணங்கள். தொட்டியம் கரையில் அத்தகைய நாள் ஆடிப் பதினெட்டு. அன்று ஆறும் நிறைந்திருக்கும், துறையும் நிறைந்திருக்கும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். உடைமையாளர் எந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக்கூடாது. மனித உடல் நீரில் ஏறக்குறைய மிதக்கும் நிலையில்தான் இருக்கிறது; மூக்கையும் வாயையும் நீருக்கு மேலே நிறுத்த இன்னும் சில கிலோ தூக்குவிசை போதும். அந்தச் சில கிலோவைத் தருவதே ஜாக்கெட்டின் வேலை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கப்பல்களில் இருந்த ஜாக்கெட்டுகள் பலவற்றுக்குள் அடைத்தது இலவம்பஞ்சு. தன் எடையைப் போலப் பல மடங்கு எடையை அது தாங்கும். எண்ணெய் பட்டாலோ உறை கிழிந்தாலோ அந்தச் சக்தி போய்விடும் என்பதால் பின்னர் அதன் இடத்துக்கு நுரை பிளாஸ்டிக் வந்தது.

ஜாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் கணக்கைப் பார்த்தே வாங்க வேண்டும். 50 நியூட்டன் என்பது சுமார் 5 கிலோ தூக்குவிசை. நீந்தத் தெரிந்தவர், கரைக்கு அருகே வேலை செய்பவர், உதவிக்கு ஆள் உள்ளவர் இவர்களுக்கு அது போதும். நீந்தத் தெரியாத பயணிக்கு 100 நியூட்டன் வேண்டும். 150க்கு மேற்பட்டவை கடலுக்கானவை. ஆற்றுப் பரிசலில் அவற்றை மாட்டிக்கொண்டு துடுப்புப் போடுவது சிரமம். இன்னொரு விஷயமும் உண்டு. கடல்நீரை விட ஆற்றுநீர் ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. கடலில் உடல் மிதக்கும் அளவுக்குக் காவிரியில் மிதக்காது. கடலில் நீந்திப் பழகிய விருந்தாளி ஆற்றில் சீக்கிரம் களைத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய ஜாக்கெட் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. மளிகைக் கடையின் இரும்பு எடைக்கற்கள் போதும். இரும்பு நீருக்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இழக்கிறது. 5 கிலோ கல்லும் அரைக் கிலோ கல்லும் சேர்த்து ஜாக்கெட்டில் கட்டி நீரில் விட்டால், 50 நியூட்டன் ஜாக்கெட் அந்த ஐந்தரைக் கிலோவையும் தாங்கி மேலே நிற்க வேண்டும். 100 நியூட்டன் ஜாக்கெட் 11 கிலோவைத் தாங்க வேண்டும். கற்களோடு அடியில் போய் உட்கார்ந்தால் அது இனி ஜாக்கெட் இல்லை, வெறும் சட்டை. மேலே உட்கார்ந்தும் படுத்தும் நுரையை நசுக்கிய ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். பரிசலின் தரையில் மெத்தையாகப் போடுவதற்கு வேறு பொருள்கள் இருக்கின்றன.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் பயணிகள் ஜாக்கெட் அணிவது வழக்கமாகிவிட்டது. ஊர்ப்புறத் துறைகளில் அது இன்னும் வழக்கமாகவில்லை. ஜாக்கெட் பரிசலில் கிடந்தால் போதாது. உடம்பில், வார் இறுக்கி, துறையிலேயே மாட்டியிருக்க வேண்டும். கவிழ்ந்த பிறகு ஓடும் நீரில் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ள எந்த நீச்சல்காரராலும் எளிதில் முடியாது. குழந்தைகளுக்குத் தொடைகளுக்கு நடுவே போய் மாட்டும் வார் உள்ள சிறிய அளவு தனியாக வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் ஜாக்கெட் மேலே நிற்கும், குழந்தை வழுகிக் கீழே போகும்.

வலை வீசும் மீனவர் ஜாக்கெட்டை வெறுப்பதற்குக் காரணம் உண்டு. தோள் தடுக்கும், வியர்க்கும், வலையின் ஈயக்குண்டு அதில் மாட்டும். கைக்குழி அகலமாக வெட்டிய, முன்புறம் கொக்கி, முடிச்சு, பை எதுவுமில்லாத மெல்லிய 50 நியூட்டன் வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வலை கால்களில் சுற்றிக்கொள்ளும் ஆபத்துக்கு ஜாக்கெட் மட்டும் போதாது. உறையோடு கூடிய சிறு கத்தி ஒன்று இடுப்பிலோ ஜாக்கெட்டின் தோளிலோ, ஒரே கையால் உருவக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மீன் வெட்டும் அரிவாள் கூடையின் அடியில் இருப்பது இந்தக் கணக்கில் சேராது.

லாரி டியூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காவிரிக் கரை முழுக்கப் பிள்ளைகள் அதில்தான் நீந்தக் கற்றுக்கொள்கிறார்கள். பரிசலின் பின்னே கட்டியிருந்தால், கவிழ்ந்தபோது மூன்று நான்கு பேர் பிடித்துக்கொள்ள உதவும். ஆனால் ஒட்டுப்போட்ட டியூப் முள்ளில் பட்டால் காற்று போகும். ஜாக்கெட்டுக்கு அது மாற்றாகாது. அதைவிட நம்பகமானது மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன். 20 லிட்டர் கேன் நீரில் முழுகும்போது ஏறக்குறைய 20 கிலோ தூக்குவிசை தரும். பரிசலின் உட்புறம் எதிரெதிரே இரண்டு கேன்களைப் பின்னலோடு இறுக்கிக் கட்டினால், பரிசல் நீர் நிறைந்தாலும் அடியில் போகாது. கவிழ்ந்தவர்களுக்குப் பிடிமானமாக நிற்கும். பைபர் பரிசலுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். மூங்கில் தானாக மிதக்கும். கண்ணாடி இழை தானாக மிதக்காது.

கயிறு இரண்டு வகை வேண்டும், இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தக்கூடாது. துறையில் பரிசலைக் கட்ட நைலான் நல்லது. அது இழுபட்டு நீளும் தன்மையுள்ளதால் நீரோட்டத்தின் அதிர்ச்சியைத் தாங்கும். நனைந்தால் வலுவில் கொஞ்சம் குறையும், அதனால் ஒரு சுற்று தடித்ததாகவே எடுக்க வேண்டும். ஆனால் நைலான் நீரில் அமிழும். நீரில் விழுந்தவருக்கு வீசும் கயிறு மிதக்க வேண்டும். அதற்குப் பாலிபுரொப்பிலீன் கயிறுதான் சரி. 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் 20 மீட்டர் நீளம் எடுத்து, ஒரு முனையைச் சிறு துணிப்பையின் அடியில் கட்டி, மீதியைச் சுருட்டாமல் அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டே போக வேண்டும். வீசும்போது மறுமுனையைக் கையில் பிடித்துப் பையை எறிந்தால், கயிறு சிக்கில்லாமல் வெளியே ஓடும். சுருட்டிய கயிறு அவசரத்தில் சிக்கும். அந்தக் கயிறு வெயிலில் கிடந்து வெளுத்து, தேய்த்தால் தூளாக உதிரத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். தேங்காய் நார்க் கயிறு இந்தக் கரையிலேயே கிடைக்கிறது. மிதக்கவும் செய்யும், ஆனால் அதே தடிமனில் செயற்கை இழையின் வலு அதற்கு இல்லை. முளைக்குச்சியில் கட்டவும் கூடை கட்டவும் அது போதும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கக்கூடாது. ஓடும் நீரில் காப்பாற்றப் போகிறவர் தன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதிப்பது அதைவிடக் கெடுதி. நீரோட்டத்தின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். கரையில் கட்டிய கயிறு இறுகினால் அது கட்டியவரையே நீருக்கடியில் அமுக்கிவிடும்.

துடுப்பு எப்போதும் இரண்டு. ஒன்று கையில், ஒன்று பரிசலின் பின்னலில் செருகி மெல்லிய கயிற்றால் கட்டி. பரிசலுக்கு முன்புறமும் பின்புறமும் கிடையாது, அடியில் நீளவாக்குச் சட்டமும் கிடையாது. துடுப்பு ஒன்று போனால் அது சுழன்றுகொண்டே நீரோட்டம் இழுத்த வழியில் போகும். கழி 3 முதல் 4 மீட்டர் நீள மூங்கிலாக இருந்து, அடி அடியாக வண்ணக்கோடு போட்டிருந்தால் அதுவே ஆழமானியும் ஆகும். இந்த ஆற்றில் அந்தக் கோடுகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. மணல் அள்ளிய குழிகள் படுகையில் எங்கே இருக்கின்றன என்பது மேலேயிருந்து தெரியாது. ஒவ்வொரு வெள்ளத்திலும் அவை இடம் மாறுகின்றன. இரண்டடி காட்டிய கழி அடுத்த ஊன்றில் முழுதும் போனால், ஊன்றியவர் கழியோடு சேர்ந்து முன்னே விழுவார். அவ்வாறான இடத்தில் கழியை விட்டுவிட வேண்டும். கழி மிதந்து வரும், இன்னொன்று வாங்கவும் கிடைக்கும்.

நங்கூரத்துக்கு ஆற்றங்கரையில் கடைச்சரக்கு தேவையில்லை. பழைய வலைப்பையில் கல் நிரப்பினால் மணற்படுகையில் பிடிக்கும். கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல நான்கைந்து மடங்கு இருக்க வேண்டும். செங்குத்தாக இறங்கும் கயிறு கல்லைத் தூக்கிவிடுமே தவிரப் பிடிக்காது. கதவணைக்குக் கீழே, மதகுகளை ஒட்டிய பகுதியில், நங்கூரம் போடுவதும் வலை போடுவதும் கூடவே கூடாது. மதகிலிருந்து விழும் நீர் கீழே போய்த் திரும்பிச் சுழன்று மதகை நோக்கியே வருகிறது. அதில் அகப்பட்ட பரிசல் கரைக்கு வராமல் மதகின் அடிவாரத்திலேயே கவிழும். அங்கே மீன் கூடும் என்பது உண்மைதான். அந்த மீனுக்காகக் கொடுக்கும் விலையை அங்கே வலை போட்டவர்களின் குடும்பங்கள்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது.

சின்னச் சாமான்களில் விசில் முதலிடம். பட்டாணி இல்லாத பிளாஸ்டிக் விசில் நனைந்தாலும் ஊதும். ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒன்று கட்டியிருக்க வேண்டும். அகண்ட காவிரியின் நடுவிலிருந்து கூப்பிடும் குரல் கரையை எட்டாது, விசில் எட்டும். இரவு மீன்பிடிப்புக்கு நெற்றியில் கட்டும் டார்ச் கைகளை விடுவிக்கிறது. நீர் இறைக்க, வாய் அகன்ற பிளாஸ்டிக் கேனைச் சரிவாக வெட்டிய போணி ஒன்றும், பழுதுபார்க்கக் கோணூசி, நைலான் நூல், ஒரு துண்டு ரெக்சின், சிறு டப்பாவில் தார் ஆகியவையும் ஒரு பையில் இருந்தால் போதும். குடிநீர் வேண்டும், ஆற்றின் நடுவே தாகம் எடுப்பவர் ஆற்றுநீரைக் குடிப்பதைத் தவிர்க்க வேண்டிய காலம் இது.

செல்போன் இன்று பரிசலின் முக்கியமான உபகரணம். மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள், மாயனூரில் எத்தனை கதவு தூக்கினார்கள் என்ற செய்தி வெள்ளத்தை முந்திக்கொண்டு வருவது அதன் வழியாகத்தான். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையை எட்ட மூன்று நாள் அளவு ஆகும். ஏற்கெனவே நிறைந்து ஓடும் ஆற்றில் வெள்ளம் அதைவிட விரைந்து வரும். கதவணையிலிருந்து தொட்டியத்துக்கு அந்த அவகாசமும் இல்லை. வாய் மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிய போன், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, தீயணைப்பு மீட்புப் பணியின் 101, ஆம்புலன்ஸ் 108, எல்லாவற்றுக்கும் பொதுவான 112 ஆகியவை அதில் பதிந்திருப்பது, துறையில் அடிக்கணக்கு எழுதிய ஒரு நீர்மட்டக் கல் நட்டிருப்பது. இந்த மூன்றும் இருந்தால் மேகத்தைப் பார்த்து அறிய முடியாத வெள்ளத்தையும் ஓரளவு முன்கூட்டி அறியலாம். நீர்மட்டக் கல்லைத் துறையின் உடைமையாளர்கள் கூடி ஒரே நாளில் நட்டுவிட முடியும். அரை மணி நேரத்தில் அரையடி ஏறினால் புதிதாக யாரையும் ஏற்றக்கூடாது.

இடிமின்னலுக்கு எதிராகப் பரிசலில் வைக்கும் பொருள் எதுவும் கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி ஆனால் இடி விழுந்தது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில். அரை நிமிடத்துக்குள் இடிச்சத்தம் கேட்டால் கரையேறிவிட வேண்டும், தனித்து நிற்கும் தென்னையின் அடியில் நிற்கக்கூடாது.

முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணியும் களிம்பும் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். மூழ்கியவருக்கு உண்மையில் வேண்டியது பயிற்சி பெற்ற இரண்டு கைகள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் நேரத்தை வீணாக்கும். வயிற்றிலிருப்பது மூச்சுக்குழலில் ஏறி நிலைமையை மோசமாக்கும். மூச்சில்லாதவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். அதன்பின் மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை மூச்சுக் கொடுப்பதை ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். அழுத்தம் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு துறையிலும் இருவராவது இதைக் கையால் செய்து பழகியிருப்பது அவசியம். படித்துத் தெரிந்துகொள்வது போதாது.

வைப்பு முறையும் பொருள்களின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பரிசலை வெறும் மண்ணில் வைத்தால் கரையான் ஏறும். நாலு செங்கல் மேல் கவிழ்த்து, மர நிழலில் வைக்க வேண்டும். கோடையில் தார் இளகி வழிந்து சாக்கு வெளியே தெரியும். ஆகவே தண்ணீர் வருமுன் வைகாசியில் ஒரு பூச்சு கட்டாயம். ஜாக்கெட்டை நனைந்த நிலையில் சாக்கில் கட்டிப் போட்டால் எலி கடிக்கும், வார் மக்கும். நிழலில் காயவைத்துத் தொங்கவிட வேண்டும்.

இனி காகிதங்கள். 1917 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021 இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எந்திரமில்லாத கலங்களுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. ஆகவே பரிசல் என்பதால் சட்டத்துக்கு வெளியே என்று இனி யாரும் எண்ணிக்கொள்ள இயலாது. 2020 இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் உள்நாட்டு மீனவர்களுக்குப் படகும் வலையும் வாங்க மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம். அதே திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. மீனவராக இல்லாத பரிசல் ஓட்டிக்கு, வங்கிக் கணக்கின் வழி ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தும் சுரக்ஷா பீமா காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் உண்டு. 18 வயது முதல் 70 வயது வரை சேரலாம்.

செலவை ஒரேயடியாகச் செய்ய முடியாதவர்கள் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் சுமைக்கோடும் ஆளுக்கொரு ஜாக்கெட்டும். இரண்டாவதாக வீசு கயிறு, விசில், இரண்டாம் துடுப்பு. மூன்றாவதாகக் கேன்களும் போன் உறையும். பெரிய பரிசல், புதிய வண்ணம், நிழல்கூரை, எந்திரம் எல்லாம் அதற்கும் பிறகு. பல துறைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அடுத்த ஜூன் 12க்கு முன், ஒவ்வொரு துறையிலும் உடைமையாளர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, தங்கள் ஜாக்கெட்டுகள் அனைத்தையும் எடைக்கல் கட்டி ஆற்றில் விட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.